லினக்ஸ் லேப்டாப்: என்விடியா வேணுமா, ஏஎம்டி போதுமா? திருப்பூர், 85 ஆயிரத்துக்குள்

பனியன்_டிசைன் (திருப்பூர்)

எல்லோருக்கும் வணக்கமுங்க. ஒரு எக்ஸ்போர்ட் யூனிட்டில் பிரிண்ட் டிசைன் பார்க்கிறேன். இங்க்ஸ்கேப், கிம்ப், கிரிட்டா மூன்றும் தினமும் ஓடும். பையருக்கு அனுப்ப டீ ஷர்ட் மாக்அப் செய்வது பிளெண்டரில். 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் வழக்கமான அப்டேட் கொடுப்பதை நிறுத்திவிட்டதால், இனி முழுக்க லினக்ஸ்தான் என்று முடிவு செய்துவிட்டேன். அனேகமாக மின்ட் அல்லது உபுண்டு.

இப்போது புது லேப்டாப் வாங்க வேண்டும். மூன்று மாடல் கண்ணில் பட்டது.

ஒன்று, ரைசன் 7 8845எச்எஸ், தனி கிராபிக்ஸ் இல்லை, உள்ளேயே ரேடியான் 780எம். இரண்டு, இன்டெல் ஐ5 13ஆம் தலைமுறையோடு என்விடியா ஆர்டிஎக்ஸ் 4050, 6 ஜிபி. மூன்று, ரைசன் 5 7520யு. இது ரொம்பக் குறைந்த விலை. "இதுவும் ரைசன் 7000 சீரிஸ்தான் சார்" என்று கடையில் தள்ளிவிடப் பார்த்தார்கள்.

இன்னொரு விஷயம். நிட்டிங்கில் துணி ஓடும்போதே கேமரா வைத்து டேமேஜ் பிடிக்க முடியுமா பார் என்று முதலாளி சொல்லியிருக்கிறார். அதற்காகப் பைத்தான் படிக்க ஆரம்பித்திருக்கிறேன். என்விடியா இல்லாமல் அது நடக்காது என்று ஒருத்தர், லினக்ஸில் என்விடியா பக்கமே போகாதே என்று இன்னொருத்தர். யார் சொல்வதைக் கேட்பது?

சூலூர்_பெங்குயின் (கோவை)

என்விடியா வேண்டாம். 2012இல் பின்லாந்தில் ஆல்டோ பல்கலைக்கழக மேடையில் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் அந்த கம்பெனிக்கு எந்த விரலைக் காட்டினார் என்று தேடிப் பாருங்கள். முடிந்தது கதை.

பீளமேடு_விஷன் (கோவை)

அந்த வீடியோவை வைத்து இன்னும் எத்தனை வருஷம் ஓட்டுவீர்கள்? 2022 மே மாதம் என்விடியா தன் டிரைவரில் லினக்ஸ் கர்னலோடு (இயங்குதளத்தின் உட்கரு) சேரும் மாட்யூல்களின் மூலநிரலைத் திறந்துவிட்டது. 560 வரிசை டிரைவரிலிருந்து, டூரிங் தலைமுறையும் (ஜிடிஎக்ஸ் 16, ஆர்டிஎக்ஸ் 20 வரிசை) அதற்குப் பிந்தையதுமான கார்டுகளுக்கு அந்தத் திறந்த மாட்யூல்தான் இயல்பாகவே இன்ஸ்டால் ஆகிறது. ஆர்டிஎக்ஸ் 50 வரிசைக்கு அதை விட்டால் வேறு வழியே கிடையாது. வேலேண்டில் (லினக்ஸின் புதிய திரைக்காட்சி முறை) திரை மினுக்குகிறது என்று ஊரெல்லாம் புலம்பினார்களே, அதுவும் 2024இல் 555 டிரைவர் எக்ஸ்ப்ளிசிட் சிங்க் என்ற ஒத்திசைவு முறையைக் கொண்டுவந்த பிறகு பெரும்பாலும் தீர்ந்துவிட்டது.

நான் கேமரா வைத்துப் பழுது பார்க்கும் வேலையில் இருப்பவன். பைத்தானில் ஏஐ மாடலை டிரெய்ன் செய்யும் பைடார்ச் என்றால் குடா (கார்டில் கணக்கு ஓட்டும் மென்பொருள்), குடா என்றால் என்விடியா. தம்பிக்கு 4050தான் சரி.

சூலூர்_பெங்குயின் (கோவை)

திறந்தது கர்னல் மாட்யூல் மட்டும்தான். படம் வரையும் ஓப்பன்ஜிஎல், வல்கன் நூலகங்கள், குடா நூலகங்கள் எல்லாம் இன்னும் பூட்டித்தான் கிடக்கின்றன. அதையும் சொல்லுங்கள்.

பவானி_ஆத்துக்காரன் (ஈரோடு)

ரெண்டு பேரும் கொஞ்சம் பொறுங்கப்பா. தம்பி கேட்டது அவருடைய வேலைக்கு எது வேண்டும் என்று.

முதலில் அந்த மூன்றாவது மாடலை ஒதுக்கிவிடலாம். ரைசன் 7000 வரிசை லேப்டாப் சிப்புகளில் பார்க்க வேண்டியது மூன்றாவது இலக்கம். 7520இல் அது 2, அதாவது உள்ளே இருப்பது ஜென் 2 என்ற பழைய கட்டமைப்பு. 7530இல் 3, ஜென் 3. 7840இல் 4, ஜென் 4. முன்னால் இருக்கும் 7 வெளியான வருஷத்துக்கானது. 7520யுவில் இருக்கும் ரேடியான் 610எம்மில் கம்ப்யூட் யூனிட் (கிராபிக்ஸ் கணக்குப் போடும் பகுதி) இரண்டுதான். 780எம்மில் 12. லினக்ஸில் இரண்டுக்கும் ஒரே டிரைவர், இரண்டுமே பிரச்சினையில்லாமல் ஓடும். ஆனால் 610எம்மில் பிளெண்டரைத் திறந்து வைத்துக்கொண்டு டீ குடித்துவிட்டு வரலாம். பில் போடவும் பிரவுசிங்குக்கும் போதுமான மிஷின், டிசைனுக்கு அல்ல.

இப்போது வேலையைப் பார்ப்போம். இங்க்ஸ்கேப், கிம்ப், கிரிட்டா மூன்றுக்கும் தனி கிராபிக்ஸ் கார்டு பெரிதாகத் தேவையில்லை. பெரிய ஆல்ஓவர் பிரிண்ட் கோப்புகளைத் திறந்தால் முதலில் மூச்சுத் திணறுவது ரேம்தான். பிளெண்டரில் துணி மடிப்பு விழும் சிமுலேஷன் முழுக்க பிராசசரில் நடப்பது. பிளெண்டரின் வேகமான ரெண்டர் எஞ்சினான ஈவீயில் ரெண்டர் செய்தால் 780எம் மாதிரி உள் கிராபிக்ஸே சமாளிக்கும். ஒளியைத் துல்லியமாகக் கணக்கிடும் இன்னொரு எஞ்சினான சைக்கிள்ஸில் ரெண்டர் செய்யும் ஆள் என்றால்தான் கார்டு பேச்சு வருகிறது. அங்கே ஆப்டிக்ஸ் என்ற தன் ரெண்டர் நுட்பம் வழியாக என்விடியா தெளிவாக முன்னால் நிற்கும்.

நீங்கள் ஈவீயா, சைக்கிள்ஸா?

பனியன்_டிசைன் (திருப்பூர்)

பெரும்பாலும் ஈவீதானுங்ணா. கேட்டலாக் படத்துக்கு மட்டும் சைக்கிள்ஸ். அதை ராத்திரி ஓடவிட்டுவிட்டுப் போய்விடுவேன்.

சென்னிமலை_தறி

குறுக்கே பேசுவதற்கு மன்னிக்கணும். பெட்ஷீட்டுக்கு ஜக்கார்டு டிசைன் போடுகிறவள் நான். ரைசன் 5 7530யு, உள் கிராபிக்ஸ், மின்ட். டிரைவர் என்ற பேச்சே எழவில்லை. ஏஎம்டிஜிபியு டிரைவர் 2015இலிருந்து கர்னலிலேயே இருக்கிறது, அதோடு சேர்ந்து படம் வரையும் மெசா நூலகம் எல்லா டிஸ்ட்ரோவிலும் (லினக்ஸ் பதிப்பிலும்) கூடவே வருகிறது. போட்டதும் ஓடியது.

ஆனால் நீங்கள் எல்லோரும் கார்டைப் பற்றியே பேசுகிறீர்கள், ஸ்க்ரீனைப் பற்றி ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. தம்பி பார்ப்பது பிரிண்ட் டிசைன். விலை குறைந்த லேப்டாப்களில் 45% என்டிஎஸ்சி (நிற அளவுகோல்) என்று ஸ்பெக் தாளில் ஓர் ஓரமாகப் போட்டிருப்பார்கள். அந்த பேனல், திரைகளுக்கான பொது நிறத்தொகுப்பான எஸ்ஆர்ஜிபி நிறங்களில் மூன்றில் இரண்டு பங்கு அளவுக்குத்தான் காட்டும். சிவப்பு செங்கல்லாகவும், மயில் நீலம் வெளுத்தும் தெரியும். 72% என்டிஎஸ்சி அல்லது 100% எஸ்ஆர்ஜிபி என்று இருந்தால்தான் டிசைனுக்கு எடுக்க வேண்டும். கேமிங் லேப்டாப் என்று 4050 போட்டு விற்பதில் கூட நிறைய மாடல்களில் இந்த மட்டமான பேனல்தான். கார்டுக்குக் கொடுத்த காசை ஸ்க்ரீனில் பிடித்துக்கொள்கிறார்கள்.

பவானி_ஆத்துக்காரன் (ஈரோடு)

அக்கா சொன்னது நூற்றுக்கு நூறு. அதோடு ரேம் எப்படிப் போட்டிருக்கிறார்கள் என்றும் பாருங்கள். உள் கிராபிக்ஸுக்குத் தனி மெமரி கிடையாது, கம்ப்யூட்டரின் ரேமைத்தான் பங்கு போட்டுக்கொள்ளும். ஒற்றைக் குச்சியாக 16 ஜிபி இருந்தால் பாதை பாதியாகிவிடும். இரண்டு 8 ஜிபி என்றால் முழு அகலம். ஒரே 780எம், ஒற்றைக் குச்சியில் ஒரு வேகம், இரட்டையில் வேறு வேகம். போர்டிலேயே ஒட்டி வரும் எல்பிடிடிஆர்5 என்றால் அந்தக் கவலை இல்லை. ஆனால் பின்னால் கூட்டவும் முடியாது, எனவே முதலிலேயே போதுமான அளவு எடுத்துவிட வேண்டும்.

திருச்செங்கோடு_ரிக்

ஏனுங்க, புதுசே வாங்கணுமா? எங்கள் போர்வெல் ஆபீஸுக்கு செகண்ட்ஹேண்டில் ஒரு ஒர்க்ஸ்டேஷன் லேப்டாப் பார்த்திருக்கிறேன். குவாட்ரோ பி2000 கார்டு, தேக்குக்கட்டை மாதிரி பாடி. 30 ஆயிரத்துக்குத் தருகிறார்கள். தம்பியும் இந்த மாதிரி ஒன்றை எடுத்துக்கொள்ளலாமே?

பீளமேடு_விஷன் (கோவை)

என்விடியா ஆள் நானே வேண்டாம் என்கிறேன். பி2000 பாஸ்கல் தலைமுறை. மேக்ஸ்வெல், பாஸ்கல், வோல்டா மூன்றுக்கும் 580 வரிசைதான் கடைசி டிரைவர் என்று என்விடியா 2025இல் அறிவித்துவிட்டது. அதற்கு முந்தைய கெப்லர் 470இல் நின்றது, ஃபெர்மி 390இல் நின்றது. இப்படி நின்ற டிரைவர் கொஞ்ச நாள் ஓடும். அப்புறம் புதுக் கர்னல் வரும்போது கம்பைல் ஆகாது, யாராவது பேட்ச் போட்டால் உண்டு.

திறந்த மாட்யூலும் டூரிங்குக்கு முந்தைய கார்டுகளில் ஓடாது. செகண்ட்ஹேண்டில் என்விடியா எடுத்தே ஆக வேண்டும் என்றால் ஜிடிஎக்ஸ் 16, ஆர்டிஎக்ஸ் 20 வரிசையிலிருந்து பாருங்கள். எம்எக்ஸ் 450 டூரிங், எம்எக்ஸ் 350 பாஸ்கல். நூறு கூடுவதற்குள் தலைமுறையே மாறிவிடுகிறது.

திருச்செங்கோடு_ரிக்

அப்போ நோவோ (என்விடியா கார்டுக்கு வெளியார் எழுதிய திறந்த டிரைவர்) போட்டு ஓட்டினால்?

பவானி_ஆத்துக்காரன் (ஈரோடு)

பாஸ்கலில் நோவோ ஓடும், ஆனால் நடை போடும். ஜிடிஎக்ஸ் 900 காலத்திலிருந்து, கார்டின் வேகத்தை ஏற்றி இறக்கும் ஃபர்ம்வேர் என்விடியா கையெழுத்து இல்லாமல் ஏறாது. அதனால் கார்டு பூட் ஆகும்போது இருந்த குறைந்த வேகத்திலேயே நின்றுவிடும். டூரிங்கில் ஜிஎஸ்பி என்று உள்ளேயே ஒரு குட்டி பிராசசர் வந்தது. அதற்கான ஃபர்ம்வேரை என்விடியா வெளியிட்டதால், டூரிங்குக்கு மேல் நோவோவும் முழு வேகத்தை எட்ட முடிகிறது. மெசாவில் என்விகே என்ற வல்கன் டிரைவரும் சேர்ந்திருக்கிறது. ஆனால் குடா வேண்டும் என்றால் கம்பெனி டிரைவர்தான்.

உங்கள் ஆபீஸில் கணக்கும் ரிக் லொகேஷனும்தானே பார்க்கிறீர்கள்? அந்த மிஷினில் குவாட்ரோவை மறந்துவிட்டு இன்டெல் கிராபிக்ஸில் ஓட்டுங்கள். பயாஸில் என்விடியாவை அணைக்கும் வசதி இருக்கிறதா என்று மட்டும் பார்த்து வாங்குங்கள். ஸ்க்ரீன் நேராக என்விடியாவில் ஒட்டியிருக்கும் மாடல் என்றால் அதைச் செய்ய முடியாது.

பனியன்_டிசைன் (திருப்பூர்)

ஸ்க்ரீன் நேராக என்விடியாவில் ஒட்டியிருப்பதா? ரெண்டு கார்டு இருந்தால் எதில் எது ஓடும் என்றே எனக்குப் பிடிபடவில்லைங்க.

பீளமேடு_விஷன் (கோவை)

இதை யாரும் கடையில் சொல்லித்தர மாட்டார்கள், விளக்கமாகவே சொல்கிறேன்.

லேப்டாப்பில் என்விடியா என்றால் அநேகமாக ஆப்டிமஸ் ஏற்பாடு, 2010இலிருந்து இருப்பது. ஸ்க்ரீனை ஓட்டுவது இன்டெல் அல்லது ஏஎம்டி உள் கிராபிக்ஸ். என்விடியா படத்தை வரைந்து, அதை உள் கிராபிக்ஸின் கையில் கொடுத்துக் காட்டச் சொல்லும். லினக்ஸில் இதற்குப் பேர் பிரைம் ஆஃப்லோட். உபுண்டுவிலும் மின்டிலும் பிரைம்-செலக்ட் என்று ஒரு கட்டளை உண்டு. இன்டெல் மட்டும், என்விடியா மட்டும், ஆன்-டிமாண்ட் என மூன்று நிலை. ஆன்-டிமாண்டில் விட்டுவிட்டு, பிளெண்டரை மட்டும் வலது கிளிக் செய்து தனி கார்டில் திற என்றால் போதும். மற்றதெல்லாம் உள் கிராபிக்ஸில் ஓடும்.

சில மாடல்களில் மக்ஸ் சுவிட்ச் இருக்கும். அதை மாற்றினால் ஸ்க்ரீனே என்விடியாவுக்குப் போய்விடும். விளையாட்டுக்கு நல்லது, பேட்டரிக்குக் கெட்டது.

கவனிக்க வேண்டியது எச்டிஎம்ஐ போர்ட். நிறைய லேப்டாப்களில் அந்த போர்ட் என்விடியாவோடு நேராக இணைந்திருக்கும். அப்படியானால் மானிட்டர் மாட்டியிருக்கும் நேரமெல்லாம் என்விடியா விழித்திருக்கும், விசிறி ஓடும், சூடு ஏறும். பேட்டரி மிச்சமாகட்டும் என்று இன்டெல் மட்டும் நிலையில் வைத்தால் மானிட்டரில் படமே வராது. "லினக்ஸில் எச்டிஎம்ஐ வேலை செய்யவில்லை" என்று வருகிற புகார்களில் பாதி இதுதான். ஆபீஸில் பெரிய மானிட்டர் வைத்து வேலை செய்பவர் என்றால், உள் கிராபிக்ஸில் இணைந்த டைப்-சி போர்ட் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பேட்டரியில் ஓடும்போது என்விடியா முழுசாகத் தூங்குகிறதா என்பதும் முக்கியம். டூரிங்கிலிருந்து அந்த வசதி வன்பொருளிலேயே இருக்கிறது. பலர் என்விடியா-எஸ்எம்ஐ கட்டளையை அடித்துப் பார்த்துவிட்டு "கார்டு தூங்கவே மாட்டேன் என்கிறது" என்று எழுதுகிறார்கள். அந்தக் கட்டளை அடித்தாலே கார்டு விழித்துக்கொள்ளும். கர்னலின் சிஸ் கோப்பகத்தில் அந்தக் கார்டுக்கான ரன்டைம் ஸ்டேட்டஸ் கோப்பைப் படித்தால்தான் உண்மை தெரியும். சஸ்பெண்டட் என்று இருக்க வேண்டும்.

சூலூர்_பெங்குயின் (கோவை)

இவ்வளவு பாடம் படித்துத்தான் ஒரு லேப்டாப் ஓட்ட வேண்டுமா? இதைத்தான் நான் ஒரே வரியில் சொன்னேன்.

பீளமேடு_விஷன் (கோவை)

நீங்கள் சொன்னது விரல்.

நெறியாளர்

சரி சரி, விரலோடு நிறுத்திக்கொள்வோம்.

பொள்ளாச்சி_இளநீர்

இன்டெல்லை யாரும் கணக்கில் எடுக்கவில்லையே? புது கோர் அல்ட்ரா சிப்புகளில் ஆர்க் உள் கிராபிக்ஸ் நன்றாகவே இருக்கிறது. டிரைவர் கர்னலிலேயே இருக்கிறது. வீடியோ டிகோடிங் இன்டெல்லில் எப்போதுமே சுத்தம். வைஃபையும் இன்டெல் என்றால் நிம்மதி.

பவானி_ஆத்துக்காரன் (ஈரோடு)

உண்மைதான், தாராளமாக எடுக்கலாம். இரண்டு எச்சரிக்கை. லூனார் லேக் மாதிரி புது சிப்புக்கு 6.12 கர்னலாவது வேண்டும், அதில்தான் அந்தத் தலைமுறை கிராபிக்ஸ் இயல்பாக இயங்கும்படி திறந்துவிட்டார்கள். டெபியன் 12 கொண்டுவந்தது 6.1, டெபியன் 13இல் 6.12. உபுண்டு 24.04 முதலில் 6.8உடன் வந்தது, 24.04.3 ஐஎஸ்ஓவில் (இன்ஸ்டால் கோப்பில்) 6.14. எனவே பழைய பென் டிரைவில் கிடக்கும் ஐஎஸ்ஓவை வைத்துக்கொண்டு "லினக்ஸ் இதில் ஓடவில்லை" என்று முடிவுக்கு வராதீர்கள்.

இன்னொன்று வெப்கேம். மெலிசான இன்டெல் லேப்டாப்கள் சிலவற்றில் கேமரா சாதாரண யுஎஸ்பி வழியாக வராமல் ஐபியு6 என்ற தனிப்பாதையில் வரும். கர்னல் கொஞ்சம் கொஞ்சமாக அதைப் பிடித்துக்கொண்டு வருகிறது. பையரோடு வீடியோ கால் பேசுகிறவர் அதை மாடலுக்கு மாடல் சோதித்துத்தான் எடுக்க வேண்டும்.

வைஃபை பற்றிச் சொன்னது ஏஎம்டி லேப்டாப் வாங்குபவர்களுக்குத்தான் முக்கியம். அதில் மீடியாடெக்கோ ரியல்டெக்கோதான் அதிகம். மீடியாடெக் 7921, 7922 நன்றாக ஓடும். ரியல்டெக் 8852பிஇ 6.2 கர்னலிலிருந்து ஓடும். மீடியாடெக் 7902 என்று ஒன்று விலை குறைந்த மாடல்களில் வருகிறது. அதற்கு நெடுங்காலம் கர்னலில் டிரைவரே இல்லாமல் இருந்தது. அதைக் கண்டால் விலகிப் போங்கள், இல்லையென்றால் கார்டைக் கழற்றி இன்டெல் ஏஎக்ஸ்210 மாட்டிக்கொள்ளத் தயாராக இருங்கள்.

பனியன்_டிசைன் (திருப்பூர்)

எல்லாம் புரிகிறதுங்க. ஆனால் கேமரா வேலைக்குத்தான் பதில் கிடைக்கவில்லை. 780எம்மில் பைடார்ச் ஓடாதா?

பீளமேடு_விஷன் (கோவை)

ஓடவைக்கலாம், அதை ஓட்டம் என்று சொல்ல முடியாது. குடாவுக்கு ஏஎம்டியின் பதில் ராக்எம். அதன் அதிகாரப்பூர்வ ஆதரவுப் பட்டியலில் 780எம் இல்லை. ஒரு சூழல் மாறியைப் போட்டு, "நான் வேறு சிப்" என்று ராக்எம்மை நம்ப வைத்து ஓட்டுகிறார்கள். சில நாள் ஓடும், ஒரு அப்டேட்டில் நின்றுபோகும். படிக்கிற காலத்தில் டேமேஜை விட்டுவிட்டு ராக்எம்மோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பீர்கள்.

4050இல் 6 ஜிபி மெமரி. ஹோல், நீடில் லைன், ஆயில் ஸ்டெயின் பிடிக்கிற சின்ன மாடலை டிரெய்ன் செய்யப் போதும். அதனால்தான் நான் முதலிலிருந்தே சொல்கிறேன்.

ஆனால் வாங்கினால் வாட் எவ்வளவு என்று கேட்டு வாங்குங்கள். 4050 லேப்டாப் கார்டு 35 வாட்டிலிருந்து 115 வாட் வரை கம்பெனி விருப்பப்படி அமைத்துக்கொள்ளலாம். நம் ஊரில் ஒரே பேர்ப்பலகையை 3 எச்பி மோட்டாரிலும் 7.5 எச்பி மோட்டாரிலும் ஒட்டி விற்றால் என்ன சொல்வோம்? அதே கதைதான். ஸ்பெக் தாளில் டிஜிபி (கார்டின் வாட் அளவு) என்று தேடுங்கள். இல்லை என்றால் சார்ஜரைத் திருப்பிப் பாருங்கள். 90 வாட் சார்ஜர் கொடுத்திருந்தால் கார்டு 115இல் ஓடப்போவதில்லை.

பவானி_ஆத்துக்காரன் (ஈரோடு)

தம்பி, ஒரு கேள்வி. கேமரா வேலை யாருடையது? உங்களுடையதா, முதலாளியுடையதா? லேப்டாப் காசு யாருடையது?

பனியன்_டிசைன் (திருப்பூர்)

லேப்டாப் என் காசுங்ணா. தவணை போட்டு எடுக்கிறேன். கேமரா யோசனை முதலாளியுடையது.

பவானி_ஆத்துக்காரன் (ஈரோடு)

அப்படியென்றால் என் பதில் தெளிவு. முதலாளியின் வேலைக்கு உங்கள் தவணையில் கார்டு வாங்காதீர்கள். நிட்டிங் ஹாலில் கேமரா ஓட வேண்டும் என்றால் அங்கே ஒரு டெஸ்க்டாப் நிற்க வேண்டும், அதில் என்விடியா கார்டு போட வேண்டும், அதற்கு யூனிட் பில் கட்ட வேண்டும். டெஸ்க்டாப்பில் ஆப்டிமஸ் கிடையாது, பேட்டரி கிடையாது, சஸ்பெண்ட் கிடையாது. லினக்ஸில் என்விடியாவைப் பற்றி வருகிற தலைவலிகளில் பெரும்பாதி லேப்டாப்பின் இரட்டைக் கார்டு ஏற்பாட்டால் வருவது. டெஸ்க்டாப்பில் ஒரே கார்டு, நேராக மானிட்டர், வேலை முடிந்தது.

உங்கள் லேப்டாப் உங்கள் டிசைன் வேலைக்கு. பைத்தான் படிக்க, சின்னச் சின்ன மாடல் போட்டுப் பார்க்க பிராசசரே போதும். பெரிய டிரெய்னிங் வந்தால் மணிக்கணக்கில் வாடகைக்கு ஜிபியு கிடைக்கிறது.

பீளமேடு_விஷன் (கோவை)

வாடகை ஜிபியுவில் படித்த பையன்களை நான் பார்த்திருக்கிறேன். மீட்டர் ஓடுகிறது என்ற பயத்தில் எதையும் தைரியமாகச் சோதிக்க மாட்டார்கள். கையில் கார்டு இருந்தால்தான் ராத்திரி உட்கார்ந்து உடைத்துப் பார்க்கத் தோன்றும். இதில் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

ஆனால் ஹாலில் டெஸ்க்டாப் என்பதை ஒத்துக்கொள்கிறேன். இன்னும் ஒரு காரணமும் இருக்கிறது. நிட்டிங் ஹாலில் பஞ்சு பறக்கும். லேப்டாப் விசிறியின் சன்னமான துடுப்பில் அது படிந்துவிட்டால் காற்றே போகாது, கார்டு சூடேறி வேகம் இறங்கிவிடும். அங்கே வைக்கிற மிஷினை ஃபில்டர் போட்ட பெட்டிக்குள்தான் வைக்க வேண்டும்.

சென்னிமலை_தறி

தறிக்கூடத்தில் லேப்டாப்பைத் திறந்து வைத்துப் பார்த்தவர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம்.

பொள்ளாச்சி_இளநீர்

டாவின்சி ரிசால்வ் ஓட்ட நினைப்பவர்களும் இதைப் படிக்கக் கூடும் என்பதால் ஒரு குறிப்பு. அதற்குத் தனி கார்டும் சரியான டிரைவரும் வேண்டும். கார்டு இருந்தாலும், லினக்ஸில் இலவசப் பதிப்பு எச்.264, எச்.265 வீடியோவைத் திறக்காது. போனில் எடுத்த வீடியோவை அப்படியே போட முடியாது, மாற்றித்தான் போட வேண்டும். கல்யாண வீடியோ எடிட் செய்கிற நண்பர்கள் காசு கொடுப்பதற்கு முன் தெரிந்துகொள்ளட்டும்.

பனியன்_டிசைன் (திருப்பூர்)

சரிங்க, 8845எச்எஸ் பக்கம்தான் மனசு போகிறது. ஞாயிற்றுக்கிழமை காந்திபுரம் போய்ப் பார்க்கிறேன். கடையில் என்னென்ன சோதிக்க வேண்டும்?

பவானி_ஆத்துக்காரன் (ஈரோடு)

உபுண்டுவின் புது ஐஎஸ்ஓவை ஒரு பென் டிரைவில் போட்டு எடுத்துப் போங்கள். டெமோ மிஷினில் லைவாக பூட் செய்து பார்க்கலாமா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். சில கடைகளில் விடமாட்டார்கள், அப்படியானால் அடுத்த கடை. உபுண்டு செக்யூர் பூட் இருக்கும்போதே பூட் ஆகும், எனவே பயாஸில் எதையும் மாற்ற வேண்டாம். அங்கே கை வைத்தால் அவர்களுடைய விண்டோஸ் பிட்லாக்கர் (டிஸ்க் பூட்டு) சாவி கேட்டு நின்றுவிடும், அப்புறம் உங்களோடு சண்டைக்கு வருவார்கள்.

பூட் ஆனதும் வைஃபை தெரிகிறதா, போனின் ஹாட்ஸ்பாட்டில் சேர்கிறதா பாருங்கள். டெர்மினலில் எல்எஸ்பிசிஐ கட்டளையோடு கே என்ற தேர்வையும் சேர்த்து (lspci -k) அடித்தால், ஒவ்வொரு வன்பொருளுக்கும் எந்த டிரைவர் அமர்ந்திருக்கிறது என்று காட்டும். கிராபிக்ஸுக்கு நேராக ஏஎம்டிஜிபியு என்று வர வேண்டும். மூடியை மூடிக் கொஞ்ச நேரம் கழித்துத் திறங்கள். ஸ்க்ரீன் ஒழுங்காகத் திரும்ப வந்தால் பாதி நிம்மதி. எச்டிஎம்ஐயிலும் டைப்-சியிலும் கடையில் இருக்கிற மானிட்டரை மாட்டிப் பாருங்கள். வெளிச்சம் கூட்டிக் குறைக்கும் பொத்தான்கள், சத்தம், மைக், கேமரா. இவ்வளவும் கால் மணி நேர வேலை.

போவதற்கு முன் மாடல் எண்ணை லினக்ஸ்-ஹார்டுவேர் தளத்தில் தேடுங்கள். அதே மிஷினை வைத்திருப்பவர்கள் எது ஓடுகிறது, எது ஓடவில்லை என்று பதிவு செய்திருப்பார்கள். உபுண்டு சான்றளித்த மாடல் பட்டியலும் உண்டு. டாஸ் அல்லது உபுண்டுவோடு வருகிற மாடல் இருந்தால் விண்டோஸ் காசு மிச்சம்.

சென்னிமலை_தறி

உங்கள் டிசைன் கோப்பு ஒன்றையும் பென் டிரைவில் எடுத்துப் போங்கள். அச்சான துணித் துண்டையும்தான். ஸ்க்ரீனுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பேனல் எப்படி என்று ஒரு நொடியில் தெரியும். கடையின் மஞ்சள் விளக்கு அடியில் பார்க்காமல் வாசல் பக்கம் கொண்டுவந்து பாருங்கள்.

திருச்செங்கோடு_ரிக்

நான் அந்தக் குவாட்ரோவை விட்டுவிட்டேன். அதே கடையில் கார்டே இல்லாத பழைய திங்க்பேட் ஒன்று இன்னும் குறைந்த விலைக்குப் பேசி வைத்திருக்கிறேன். கார்டைப் பற்றிப் பேசும் இழையில் வந்து கார்டு இல்லாமல் வாங்கிப்போகிற முதல் ஆள் நான்தான் போல.

பனியன்_டிசைன் (திருப்பூர்)

போய்ப் பார்த்துவிட்டு எடுத்தும் வந்துவிட்டேனுங்க. முதல் கடையில் பென் டிரைவையே தொடவிடவில்லை. இரண்டாவது கடையில் "என்னமோ பண்ணிக்கோங்க தம்பி" என்று விட்டுவிட்டார்கள். 8845எச்எஸ், இரண்டு 8 ஜிபி குச்சி, 100% எஸ்ஆர்ஜிபி பேனல். அக்கா சொன்னபடி துணித் துண்டை வைத்துப் பார்த்தேன். பக்கத்திலேயே 4050 போட்ட ஒரு மாடலும் இருந்தது. அதில் எங்கள் பையரின் மெரூன் காவியாகத் தெரிந்தது.

மின்ட் 22.2 போட்டாயிற்று. வைஃபை மீடியாடெக் 7922, ஓடுகிறது. எச்டிஎம்ஐ, டைப்-சி இரண்டிலும் மானிட்டர் வருகிறது. ஈவீ சர்ரென்று போகிறது. முதலாளியிடம் டெஸ்க்டாப் பற்றிச் சொன்னேன், கொட்டேஷன் வாங்கு என்கிறார்.

ரெண்டு சந்தேகம். சிஸ்டத்தில் ரேம் 16க்குப் பதில் 15க்கும் குறைவாகக் காட்டுகிறது. ராத்திரி மூடி வைத்தால் காலையில் பேட்டரி கொஞ்சம் இறங்கியிருக்கிறது. பழுதா?

பவானி_ஆத்துக்காரன் (ஈரோடு)

ரேம் பழுது இல்லை. உள் கிராபிக்ஸுக்கென்று பயாஸ் ஒரு பங்கை ஒதுக்கி வைத்திருக்கும், அதுதான் குறைகிறது. தேவைப்பட்டால் டிரைவர் மீதி ரேமிலிருந்தும் எடுத்துக்கொள்ளும். எனவே பயாஸில் அதைக் கூட்ட வேண்டிய தேவை டிசைன் வேலைக்கு இல்லை, இருக்கிறபடியே விடுங்கள். காசு சேரும்போது 16, 16ஆக மாற்றுங்கள், அதில்தான் பலன். ரேம் விலை இப்போது ஏறிக் கிடக்கிறது, அவசரம் வேண்டாம்.

பேட்டரி இறங்குவது இந்தக் காலத்து லேப்டாப்களின் தூக்க முறையால். பழைய எஸ்3 தூக்கத்தில் ரேம் தவிர எல்லாம் அணைந்துவிடும். புது மிஷின்களில் எஸ்2 ஐடில்தான், கொஞ்சம் விழிப்போடு தூங்கும். ராத்திரிக்குக் கொஞ்சம் இறங்குவது இயல்பு. பாதிக்குப் பாதி இறங்கினால்தான் ஏதோ ஒன்று அதைத் தூங்கவிடாமல் செய்கிறது என்று அர்த்தம். பயாஸ் அப்டேட் இருக்கிறதா என்று எஃப்டபிள்யுஅப்டி கருவியின் fwupdmgr கட்டளையில் பாருங்கள், பல கம்பெனிகள் அதன் வழியாகவே தருகின்றன. மாட்டியிருக்கிற மவுஸ் டாங்கிலைக் கழற்றிவிட்டு ஒரு ராத்திரி வைத்துப் பார்த்து, எத்தனை சதவீதம் இறங்கியது என்று இங்கே எழுதுங்கள்.

பீளமேடு_விஷன் (கோவை)

டெஸ்க்டாப் கொட்டேஷன் வந்ததும் அதையும் போடுங்கள் தம்பி. கார்டின் மெமரி 12 ஜிபிக்குக் கீழே இருந்தால் கையெழுத்துப் போடவிடாதீர்கள்.